கோல் கோடுதலும் ஆதிக்கமும்: வல்லாட்சியைச் சுட்டும் இரு தமிழ்ச் சொற்களின் வரலாறு

முன்னுரை

முறை தவறிய ஆட்சியைச் சுட்டுதற்குத் தமிழில் சொற்கள் பல உள்ளன. கொடுங்கோன்மை, வெங்கோல், கடுங்கோல் என்பன பண்டை வழக்கு. எதேச்சாதிகாரம், சர்வாதிகாரம், ஏகாதிபத்தியம், ஆதிக்கம், மேலாதிக்கம், ஒடுக்குமுறை என்பன பிற்கால வழக்கு. மேடைப் பேச்சிலும் இதழியலிலும் இவை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக ஆளப்படுகின்றன. ஆயினும் இவை பிறந்த சூழல்களும் இவை எழுப்பும் வினாக்களும் வேறு வேறானவை.

இக்கட்டுரை கொடுங்கோன்மை, ஆதிக்கம் ஆகிய இரு சொற்களையும் எடுத்துக்கொண்டு அவற்றின் பொருள் வரலாற்றை ஆராய்கிறது. முன்னது ஆட்சியை ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டு நோக்குகிறது; பின்னது ஒரு பிரிவினரை மற்றொரு பிரிவினரோடு ஒப்பிட்டு நோக்குகிறது. இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி எல்லைக்குள் முடிந்துவிடுவதன்று. 1956ஆம் ஆண்டு மொழிச் சட்டமும் அதன் பின்விளைவுகளும் சூழ்ந்த இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழருள் ஒரு பகுதியினர், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மொன்றியலை அடுத்துள்ள லவால் நகரில் வாழ்கின்றனர். அங்கும் ஒரு மொழிச் சட்டம் அவர்தம் பிள்ளைகளின் கல்வியை வரையறுக்கிறது. இவ்விரு சட்டங்களையும் ஒரே சொல்லால் சுட்டலாமா என்னும் வினாவுக்கு விடை காண்பதற்குச் சொற்களின் வரலாறு துணைசெய்கிறது.

1. கொடுமையின் முதற்பொருள்

‘கொடு’ என்னும் அடைக்கு முதற்பொருள் வளைவு என்பதே. வளைந்த வாய் உடைய கத்தி கொடுவாள் எனப்படும். கோயிற் கட்டடத்தில் வெளிநோக்கி வளைந்து இறங்கும் கூரையுறுப்பைச் சிற்பிகள் கொடுங்கை என்பர். வளைதலைக் குறிக்கும் ‘கோடு’ என்னும் வினையும், கோட்டம், கோணல் முதலான பெயர்களும் இதனோடு உறவுடையன. உரையாசிரியர்கள் செந்தமிழுக்கு மறுதலையாகக் கொடுந்தமிழ் என்றபோது இரக்கமற்ற தமிழ் என்று கருதவில்லை. நெறிப்பட்ட வழக்கினின்று விலகிய தமிழ் என்றே கருதினர். செம்மை நேர்மையாதலும் கொடுமை வளைவாதலும் இவ்வழக்கால் விளங்கும்.

வளைவைக் குறித்த சொல் வன்மையைக் குறிப்பதாக விரிந்தது பின்னை நிகழ்வு. அம்மாற்றம் நிகழ்ந்த நிலையைத் திருக்குறளின் 279ஆம் பா நன்கு காட்டுகிறது. வடிவால் நேரிய அம்பு செயலால் கொடியது என்றும், வடிவால் வளைந்த யாழ் செயலால் செவ்விது என்றும் அங்குக் கூறப்படுகிறது. இரு சொற்களின் பழம்பொருளும் புதுப்பொருளும் உடனிருந்தால் அன்றி அப்பாவின் முரண் அழகு புலப்படாது. வடிவைக் கொண்டு அறத்தை அளக்கலாகாது, வினையைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்னும் கருத்தும் அதனுள் அடங்கியுள்ளது.

கொடுங்கோன்மை என்னும் தொடரில் நிற்கும் ‘கோன்மை’யை அரசனைக் குறிக்கும் ‘கோன்’ என்பதனின்று பிறந்ததாகக் கொள்வாரும் உளர். கோல் என்பதன் ஈற்று லகரம் மகரத்தின்முன் னகரமாகத் திரிவது புணர்ச்சி இலக்கணத்துக்கு ஏற்றது. சொல்லும் மாலையும் சேர்ந்து சொன்மாலை ஆவது போன்றது. ஆகவே கொடுங்கோன்மை என்பது வளைந்த கோலின் தன்மை என்றே விரியும். பரிமேலழகரும் ஒரு பக்கம் சாயாத நேரிய கோலைப் போன்றிருத்தலின் அரசனது முறை செங்கோல் எனப்பட்டது என்று விளக்குகிறார்.

கோல் என்பது அடிக்கும் தடியை மட்டும் குறிப்பதன்று. நிறுக்கும் கருவி துலாக்கோல். நடுவுநிலைமையைப் பேசும் 118ஆம் குறளில் சான்றோர்க்கு உவமையாவது அக்கோலே. நிலத்தை அளக்கும் கருவியும் கோலே. சோழர் காலக் கல்வெட்டுகள் உலகளந்த கோலைக் குறிக்கின்றன. நிறுப்பதற்கும் அளப்பதற்கும் உரிய கருவியின் பெயரே ஆட்சிக்கும் அடையாளமாயிற்று. வடமொழியின் தண்டம் என்னும் சொல்லில் ஒறுத்தல் முதன்மை பெறுகிறது. தமிழின் கோலிலோ ஒறுத்தலோடு அளத்தலும் கலந்து நிற்கிறது. வளைந்த தடியாலும் அடிக்க இயலும். வளைந்த அளவுகோலால் அளக்க இயலாது. கொடுங்கோல் என்னும் பழியின் ஆற்றல் இவ்விடத்தேதான் உள்ளது.

2. சங்கப் பாடல்களில் குடியின் தீர்ப்பு

புறநானூற்றின் 71, 72ஆம் பாடல்கள் அரசர் இருவர் கூறிய வஞ்சினங்கள். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் பாடியதாக அமைந்த 72ஆம் பாடலில், பகைவரை வெல்லானாயின் தனக்கு நேரத்தக்க இழிவுகளை அவன் எண்ணிச் சொல்கிறான். அவற்றுள் ஒன்று, தன் குடிகள் கண்ணீர் வடித்து எம் இறைவன் கொடியன் என்று தன் கோலைப் பழித்தல். கொடுமை என்னும் தீர்ப்பை வழங்கும் உரிமை குடிகளிடம் இருப்பதை அரசனே ஒப்புக்கொள்ளும் இடம் இது.

ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் பாடிய 71ஆம் பாடலோ மற்றோர் இழிவைச் சுட்டுகிறது. அறம் வழங்கும் அவையத்தில் திறனற்ற ஒருவனை அமர்த்தி முறை திரியச் செய்வதை ‘மெலிகோல்’ என்று அவன் குறிக்கிறான். கோல் வளைவது தீமையாதல் போலவே மெலிவதும் தீமையாகிறது. வல்லாட்சிக்கு எதிர்ச்சொல் ஆட்சியின்மை அன்று என்பதும், நீதி வழங்கும் இடத்தில் தகுதியிலாரை வைத்தலும் குற்றமே என்பதும் இச்சொல்லால் பெறப்படுகின்றன.

வரி தொடர்பான பாடல்களும் இங்கு நோக்கத்தக்கன. 35ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம், மழை பொய்ப்பினும் விளைவு குன்றினும் உலகம் பழிப்பது அரசரையே என்று எடுத்துரைத்து உழுகுடியைக் காக்க வேண்டுகிறார். அதன் அடிக்குறிப்பு, அவர் பழைய நிலவரிக் கடனினின்று விடுதலை பெற்றதைத் தெரிவிக்கிறது. 75ஆம் பாடலில் சோழன் நலங்கிள்ளி, குடிகளிடம் இறை வேண்டி இரக்கும் ஆண்மையற்ற சிறியோனுக்கு அரசுரிமை தாங்கவொண்ணாப் பாரம் என்கிறான். முறை கடந்து கொள்ளுதல் வலிமையின் அடையாளம் ஆகாது, இரத்தலுக்கு நிகரான சிறுமையே ஆகும் என்பது அவன் கருத்து.

3. திருக்குறளும் சிலப்பதிகாரமும்

செங்கோன்மை 55ஆம் அதிகாரமாகவும், கொடுங்கோன்மை 56ஆம் அதிகாரமாகவும், வெருவந்த செய்யாமை 57ஆம் அதிகாரமாகவும் குறளில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவ்வைப்புமுறை தற்செயலானதன்று. 56ஆம் அதிகாரம் முறை தவறுதலைப் பேசுகிறது. 57ஆம் அதிகாரம் அச்சுறுத்தலைப் பேசுகிறது. வெங்கோல், கடுங்கோல் என்னும் சொற்கள் அங்கேதான் வருகின்றன. முறை தவறுதலும் கடுமை காட்டலும் ஒன்றல்ல என்பதை வள்ளுவர் தெளிவாகப் பிரித்துள்ளார். கடுமை சிறிதும் இன்றியே ஒருவன் கொடுங்கோலன் ஆகலாம்.

இவ்வதிகாரங்களினின்று முறை தவறிய ஆட்சியை அறிவதற்கு மூன்று அடையாளங்களைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, கேளாமை. எளிதில் காணவியலாதவனாய் ஆராயாமல் முறைசெய்யும் மன்னன் தானே கெடுவான் என்பது 548ஆம் குறள். நாள்தோறும் ஆராய்ந்து முறைசெய்யாதவன் நாடு நாள்தோறும் கெடும் என்பது 553ஆம் குறள். இரண்டாவது, வலிமையைக் காட்டிப் பெறுதல். கோலோடு நின்ற மன்னன் குடிகளிடம் பொருள் வேண்டுவதை, வேலோடு நின்ற வழிப்பறிக் கள்வன் கொடு என்று கேட்பதற்கு 552ஆம் குறள் ஒப்பிடுகிறது. சொல் மென்மையாயினும் கையிலுள்ளது கருவியாதலின் வேண்டுகோளும் கட்டளையாகிவிடுகிறது. மூன்றாவது, ஆற்ற மாட்டாது அழுத கண்ணீர். அதனைச் செல்வத்தைத் தேய்க்கும் படை என்கிறது 555ஆம் குறள். ஆளப்படுவோரின் துன்பம் ஆட்சியை அளக்கும் சான்றாக இங்கு ஏற்கப்படுகிறது.

இக்கோட்பாட்டின் கதை வடிவம் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம். பாண்டியன் நெடுஞ்செழியன் இயல்பால் கொடியவன் அல்லன். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றான். அதுவே அவன் செய்த பிழை. சிலம்பின் பரல் தெறித்து உண்மை வெளிப்பட்டதும் தன்னை அரசன் என்று கூறாது கள்வன் என்று கூறி உயிர் துறக்கிறான். குறள் உவமையாகச் சொன்னதை இங்கு மன்னனே தன் வாக்குமூலமாகச் சொல்கிறான். அச்செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன், வினை வளைத்த கோலை அவன் உயிர் நிமிர்த்திற்று என்கிறான். வளைந்த கோல் நிமிர்த்தப்படக்கூடியது என்பதும், நிமிர்த்தும் பொறுப்பு அதை ஏந்தியவனுடையது என்பதும் அவன் கூற்றினின்று விளங்குகின்றன.

4. பதவிப் பெயர்கள் பழிச்சொற்களாதல்

இலக்கிய வழக்கு இவ்வாறிருக்க, பேச்சு வழக்கு வேறொரு வழியில் சென்றது. அங்கு ஆட்சியின் குறியீட்டினின்று சொல் பிறக்கவில்லை. நேரில் கண்ட அதிகாரியின் பெயரினின்றே பிறந்தது. ஊர்த் தலைவரைக் குறித்த நாட்டாமை, ‘நாட்டாமை பண்ணுதல்’ என்னும் தொடரில் தேவையற்ற அதிகாரம் செலுத்துதலைக் குறிக்கலாயிற்று. திண்ணைப் பள்ளியில் ஆசிரியருக்குத் துணையாக மற்றைய மாணவரை மேய்த்த சட்டாம்பிள்ளையின் பெயர் சட்டாம்பிள்ளைத்தனம் ஆயிற்று. பெரிய நாடுகள் சிறிய நாடுகளின் செயல்களில் தலையிடுவதை இதழ்கள் இச்சொல்லால் சுட்டுவதுண்டு. தோட்டத் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியின் பெயரும் அவ்வாறே பழிப்புக் குறிப்பைப் பெற்றது. கும்பினி ஆட்சியைத் துரைத்தனம் என்று வழங்கிய காலத்தில் அது அரசாங்கம் என்னும் பொருளதாயினும், ‘துரை’ என்பதன் தொனி இன்றுவரை மாறவில்லை.

இச்சொற்களில் ஓர் ஒற்றுமை உண்டு. இவற்றால் சுட்டப்படுவோர் எவரும் முடிமன்னர் அல்லர், எல்லோரும் இடைநிலையாளர். பிறரிடமிருந்து பெற்ற சிறிய அதிகாரத்தைப் பெரிதாகக் காட்டியவர்கள். கோலேந்திய மன்னனை மட்டும் கருத்திற்கொண்ட கொடுங்கோன்மை என்னும் சொல் இவர்களைச் சுட்டப் போதவில்லை. அன்றாட வாழ்வில் மக்கள் எதிர்கொண்ட அதிகாரம் அரண்மனையினின்று மட்டும் வந்ததன்று என்பதற்கு இப்பேச்சு வழக்கே சான்று.

5. ஆதிக்கம் என்னும் சொல்லின் எழுச்சி

ஆதிக்கம் என்பது மிகுதி, மேம்பாடு ஆகிய பொருளுடைய ‘ஆதிக்ய’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அதிகம் என்பதனோடு உறவுடையது. நேர், வளைவு என்னும் மதிப்பீடு அதன் வேரில் இல்லை. கூடுதல், குறைவு என்னும் ஒப்பீடே உள்ளது. இன்றைய வழக்கும் இதனை உறுதிப்படுத்துகிறது. மட்டைப்பந்து ஆட்டத்தில் ஓரணி ஆதிக்கம் செலுத்தியது என்று நாளிதழ் எழுதினால் அது பாராட்டு. எந்த அணியும் கொடுங்கோன்மை செய்ததாக எவரும் எழுதுவதில்லை.

சொற்றொடர் அமைப்பிலும் வேறுபாடு காணப்படுகிறது. கொடுங்கோன்மை அடையின்றித் தனித்து நிற்கவல்லது. ஆதிக்கம் பழிப்புப் பொருளில் வரும்போது பெரும்பாலும் ஓர் அடையை வேண்டி நிற்கிறது: அந்நிய ஆதிக்கம், சாதி ஆதிக்கம், இந்தி ஆதிக்கம், ஆணாதிக்கம். யாருடைய ஆதிக்கம், யார்மீது ஆதிக்கம் என்னும் வினாக்களுக்கு விடை கூறாமல் அச்சொல் நிறைவு பெறுவதில்லை. இதுவே அதன் வலிமை.

இருபதாம் நூற்றாண்டின் தமிழ் அரசியலுக்கு இத்தகைய சொல் இன்றியமையாததாக இருந்தது. 1916ஆம் ஆண்டின் பிராமணரல்லாதார் அறிக்கையும், 1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கமும் எழுப்பிய வினா ஒரு மன்னன் நல்லவனா தீயவனா என்பதன்று. அரசுப் பணியிலும் கல்வியிலும் கோயிலிலும் ஒரு பிரிவினர் பெற்றிருந்த மேலிடம் நியாயமா என்பது. 1938இல் சென்னை மாகாணத்தில் இராசாசி தலைமையிலான அமைச்சரவை 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துத்தானியைக் கட்டாயமாக்கியது. அவ்வமைச்சரவை தேர்தலில் வென்று அமைந்தது. அதனை எதிர்த்தோர் சிறை சென்றனர். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் காவலில் இருந்தபோதே உயிர் நீத்தனர். 1940இல் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. தேர்தல் வழிவந்த அரசின் ஆணையை எதிர்க்கும்போது மன்னராட்சிக் காலச் சொல் பொருந்தாமற் போனது. இந்தி ஆதிக்கம் என்னும் தொடர் அவ்விடத்தை நிரப்பிற்று. 1965ஆம் ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் அது தமிழகத்தின் நிலைத்த அரசியற் சொல்லாயிற்று.

ஆதிக்கம் என்னும் சொல் வெளியாரை நோக்கி மட்டும் திரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் முன்றிலில் நிகழ்ந்த ஆலய நுழைவுப் போராட்டமும் தமிழ்ச் சமூகத்தின் உட்புறத்துச் சாதி ஆதிக்கத்தை எதிர்த்தன. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ என்னும் பெண்கவிஞர் தொகுப்பு ஆணாதிக்கம் பற்றிய உரையாடலைக் கவிதைக்குள் கொணர்ந்தது. கோலும் குடையும் இல்லாத வீட்டிலும் வீதியிலும் நிலவும் வல்லாண்மையைப் பெயரிட்டழைக்கக் கொடுங்கோன்மையால் இயலவில்லை, ஆதிக்கத்தால் இயன்றது. பழஞ்சொல்லின் குறையையும் புதுச்சொல்லின் தேவையையும் இது ஒருங்கே காட்டுகிறது.

6. 1956: கோலேந்திய பெரும்பான்மை

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் இலங்கையில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிற்று. அது மன்னனின் ஆணையன்று. தேர்தலில் வென்ற பெரும்பான்மையால் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்ட சட்டம். பேரினவாதம், ஒடுக்குமுறை முதலான சொற்கள் ஈழத்து அரசியல் எழுத்தில் வேரூன்றியமைக்கு இதுவே பின்னணி.

ஆயினும் பெரும்பான்மை என்பதனால் மட்டும் பழைய அளவுகோல் செல்லாததாகி விடுமா? பிரெஞ்சு அறிஞர் தொக்வில் 1835இலும் 1840இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட அமெரிக்க மக்களாட்சி பற்றிய நூலில் பெரும்பான்மையின் கொடுங்கோன்மை என்னும் கருத்தை விளக்கினார். கோலைப் பலர் சேர்ந்து பிடித்தாலும் அது வளையக்கூடும் என்பதே அதன் சாரம். வள்ளுவரின் மூன்று அடையாளங்களும் ஏந்துவோர் எண்ணிக்கையைச் சார்ந்தவை அல்லவாதலின் அவற்றை இங்கும் பொருத்திப் பார்க்கலாம்.

அதற்குக் கோடீஸ்வரன் வழக்கு தக்க எடுத்துக்காட்டு. சிங்களத் தேர்ச்சி பற்றிய அரசாங்க விதியின் காரணமாகத் தமிழ் எழுதுவினைஞர் ஒருவரின் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. எச்சமூகத்துக்கும் பிறர்க்கில்லாத சலுகையை வழங்கலாகாது என்ற அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை முன்வைத்து அவர் வழக்காடினார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967இல் உச்ச நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்குத் தொடர இயலாது என்று கூறி அத்தீர்ப்பை மாற்றிற்று. 1969இல் இலண்டன் கோமறை மன்று, வழக்குத் தொடர இயலும் என்று தீர்மானித்து, மொழிச் சட்டம் செல்லுமா என்னும் வினாவை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பிற்று. அவ்வினா விசாரிக்கப்படுமுன் கோமறை மன்றுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது; 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு 29ஆம் பிரிவையே அகற்றிற்று.

இவ்வழக்கில் கவனிக்கத்தக்கது இழப்பின் அளவன்று. ஒரு சம்பள ஏற்றம் சிறிய தொகையே. கேட்கப்பட்ட வினா கேட்கப்பட்ட இடத்திலேயே விடையின்றி நின்றது என்பதே கவனிக்கத்தக்கது. கேளாமை என்னும் முதல் அடையாளம் இதனைவிடத் தெளிவாக வெளிப்படுதல் அரிது. பேரினவாதம் என்னும் சொல் யார் செய்தார் என்பதைச் சொல்கிறது. கோல் கோடியது என்னும் பழந்தொடர் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்கிறது.

7. லவால்: மற்றொரு மொழிச் சட்டத்தின் நிழலில்

மொன்றியலுக்கு வடக்கே, ஆற்றுக்கு அப்பால் உள்ள இயேசு தீவின் 14 உள்ளூராட்சிகளை இணைத்து 1965இல் லவால் நகரம் உருவாக்கப்பட்டது. கியூபெக்கின் முதல் ஆயர் பிரான்சுவா த லவால் என்பாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் இத்தீவு நிலக்கிழார் உரிமையின்கீழ் இருந்தது. அம்முறையில் குடியானவர் ஆண்டுதோறும் நிலவரி செலுத்தியதோடு நிலக்கிழாரின் ஆலையிலேயே தானியம் அரைக்கவும் கடமைப்பட்டிருந்தனர். 1854இல் அம்முறை சட்டத்தால் முடிவுக்குக் கொணரப்பட்டது.

தீவின் வடகரையை ஒட்டியோடும் மில் ஈல் ஆற்றின் மறுகரையிலுள்ள சான் உஸ்தாஷ் ஊரில், 1837 டிசம்பர் 14 அன்று பிரித்தானியப் படை பத்ரியோத் கிளர்ச்சியாளரை முறியடித்தது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 1831இல், மேற்குறித்த தொக்வில் மொன்றியலுக்கும் கியூபெக்குக்கும் வந்திருந்தார். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து வழங்கிய ஒரு நீதிமன்றத்தைக் கண்டு, வெல்லப்பட்ட மக்களின் நிலையைத் தம் குறிப்பேட்டில் பதிந்தார். கிளர்ச்சிக்குப்பின் 1839இல் வெளிவந்த டர்ஹம் அறிக்கை பிரெஞ்சுக் கனடியரை ஆங்கிலச் சமூகத்தோடு கலக்கச் செய்ய வேண்டுமென்றது. 1840ஆம் ஆண்டின் இணைப்புச் சட்டம் சட்டமன்ற ஆவணங்களின் மொழியாக ஆங்கிலத்தை மட்டுமே ஏற்றது. 1848இல் அவ்விதி நீக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டுத் தேர்தலில் ‘நம் வீட்டில் நாமே தலைவர்’ என்னும் பொருள்படும் முழக்கம் கியூபெக்கில் எழுந்தது இப்பின்னணியிலேயே.

1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனம், பொதுவாக 101ஆம் சட்டம் எனப்படுவது, இவ்வரலாற்றின் விளைவு. அதன்படி, பெற்றோர் கனடாவில் ஆங்கிலவழிக் கல்வி பெற்றிருத்தல் முதலான விலக்குகளுக்குள் வாராத பிள்ளைகள் பிரெஞ்சுவழிப் பள்ளியிலேயே பயிலவேண்டும். 1983க்குப் பின் வந்த ஈழத்தமிழரின் பிள்ளைகள் பெரும்பாலும் இவ்விதிக்கு உட்பட்டவர்கள். ஒரு மொழிச் சட்டத்தால் தாய்மண்ணில் இடர்ப்பட்ட பெற்றோரின் பிள்ளைகள் பிறிதொரு மொழிச் சட்டத்தின்கீழ் வளர்கின்றனர். வீட்டில் தமிழும் பள்ளியில் பிரெஞ்சும் தொழிலுக்கு ஆங்கிலமும் என மும்மொழிச் சூழல் அவர்களுடையது.

இதனை ஆதிக்கம் என்பதா? அச்சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நோக்கினால் இரு எதிரெதிர் விடைகளும் ஒருங்கே பொருந்துவனவாகத் தோன்றும். வட அமெரிக்கப் பரப்பில் பிரெஞ்சு சிறுபான்மை மொழி. ஆங்கில ஆதிக்கத்தினின்று அதனைக் காப்பது சாசனத்தின் நோக்கம். கியூபெக் எல்லைக்குள்ளோ பிரெஞ்சு பெரும்பான்மை மொழி. அங்குப் பிறமொழியாளர்மீது செல்வாக்குச் செலுத்துவது அதுவே. ஒப்பீட்டுச் சொல் ஒப்பிடும் எல்லைக்கேற்ப விடையை மாற்றித் தருகிறது.

முறை என்னும் பழைய அளவுகோலை வைத்து நோக்கினால் வினா தெளிவடைகிறது. 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் கியூபெக் சட்டமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் ஆங்கிலத்துக்கு உரிமை வழங்கியிருந்தது. சாசனம் அதனை மீறிய பகுதியை 1979இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் செல்லாததென்றது. மாகாணம் அதற்குப் பணிந்தது. வணிகப் பெயர்ப்பலகைகளில் பிரெஞ்சு மட்டுமே இருக்கவேண்டும் என்ற விதியை 1988இல் அதே நீதிமன்றம் தள்ளியபோது, மாகாண அரசு அரசியலமைப்பின் விலக்குப் பிரிவைப் பயன்படுத்தி வெளிப்புறப் பலகைகளுக்கு அவ்விதியைத் தொடர்ந்தது. 1993இல் பிரெஞ்சு மேலோங்கி நிற்கப் பிறமொழியும் இடம்பெறலாம் என்று தளர்த்திற்று. இவற்றில் கேட்டலும் திருத்தலும் நிகழ்ந்துள்ளன. 2022இல் நிறைவேறிய திருத்தச் சட்டமோ அவ்விலக்குப் பிரிவை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டது. புதிதாகக் குடியேறியோருடன் அரசு அலுவலகங்கள் 6 மாதங்களுக்குப்பின், உடல்நலம், பொதுப்பாதுகாப்பு முதலான விலக்குகள் நீங்கலாக, பிரெஞ்சில் மட்டுமே தொடர்புகொள்ளவேண்டும் என்றும் வகுத்தது. வழக்கு எழுமுன்னரே தீர்ப்பின் வாயிலைக் குறுக்குவது ஆராய்ந்து முறைசெய்தலோடு எங்ஙனம் இயையும் என்னும் வினாவைக் கொடுங்கோன்மை அதிகாரத்தைக் கற்ற எவரும் எழுப்பலாம்.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1977ஆம் ஆண்டுச் சாசனத்தையும் ஒன்றென்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. முன்னது நாட்டில் வேரூன்றி வாழ்ந்த மக்களின் மொழியை ஆட்சியினின்று விலக்கிற்று. அதனை எதிர்த்த வினா நீதிமன்றத்தில் விடை பெறவில்லை. பின்னது குடியேறியோரைப் பொதுமொழி ஒன்றினுள் சேர்க்க முயல்கிறது. அதனை எதிர்த்த வினாக்கள் பல முறை விடை பெற்றுள்ளன. ஆயினும் இவ்வேறுபாடு என்றும் நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கேட்கும் வாயில் திறந்திருக்கும் அளவே அவ்வேறுபாடும் நீடிக்கும்.

முடிவுரை

கொடுங்கோன்மை என்னும் சொல் அளவுகோலை உடையது. ஆனால் கோலேந்திய ஒருவனை மட்டுமே காணப் பழகியது. சாதியிலும் மொழியிலும் ஆண்பெண் உறவிலும் பரவிநிற்கும் வல்லாண்மை அதன் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆதிக்கம் என்னும் சொல் அப்பரவலைக் காட்டவல்லது. ஆனால் மேலோங்கிய எதனையும் அவ்வாறு அழைக்கலாம் என்னும் நெகிழ்ச்சியும் அதனிடம் உண்டு. முன்னது ‘முறை தவறிற்றா’ என்று வினவுகிறது. பின்னது ‘யார்மீது யார்’ என்று வினவுகிறது. இரு வினாக்களும் சேர்ந்தே முழுமையான ஆய்வுக்கு வழிவகுக்கும்.

பிறர் நம்மீது செலுத்துவதை ஆதிக்கம் என்றும் நாம் பிறர்மீது செலுத்துவதை மரபு என்றும் அழைக்கும் வழக்கம் எச்சமூகத்துக்கும் எளிது. மாவிட்டபுர முன்றிலில் எழுந்த குரல் தமிழ்ச் சமூகத்துக்கு அதனை உணர்த்திற்று. நெடுஞ்செழியன் தன்னையே கள்வன் என்றழைத்த இடம் இலக்கியத்தில் உயர்ந்து நிற்பதன் காரணமும் இதுவே. அளவுகோல் பிறரை அளப்பதற்கு மட்டும் உரியதன்று என்பதை அவ்விடம் காட்டுகிறது. லவாலில் பிரெஞ்சுவழி பயிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திருக்குறளின் 55, 56ஆம் அதிகாரங்களைக் கற்பிக்கும்போது அவற்றை மன்னர்காலத்து அறிவுரையாக மட்டும் கற்பித்தல் போதாது. அவர்கள் வாழும் ஊரின் சட்டத்தையும், அவர்தம் பெற்றோர் விட்டுவந்த நாட்டின் சட்டத்தையும், அவர்தம் சொந்த வீட்டின் வழக்கத்தையும் ஒரே கோலால் அளந்து பார்க்கும் கருவியாக அவை கற்பிக்கப்படுதல் வேண்டும்.